எல்லோரும் பதியலாம் என்றால் மதிப்பாய்வாளர் எதற்கு?

கேள்வி: ஈபேர்ட் (eBird) என்ற இணையப் பறவைப் பதிவுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் பறவைகளைப் பதியலாம் என்கிறார்கள். பிறகு நிபுணர் சரிபார்ப்பு எதற்கு?

பதில்: கண்டதைப் பதிய யாருக்கும் உரிமை உண்டு, ஆனால் வழக்கத்துக்கு மாறான பதிவு ஆய்வுத் தரவாக வேண்டுமானால் சான்று வேண்டும். அந்த வட்டாரத்தில், அந்தக் காலத்தில் வழக்கமில்லாத இனமோ எண்ணிக்கையோ வந்தால் தளத்தின் தானியங்கி வடிகட்டி அதைத் தனியே எடுத்து வைக்கும். பகுதியை அறிந்த தன்னார்வ மதிப்பாய்வாளர் பிறகு பார்ப்பார். உறுதியாகாத பதிவு உங்கள் பட்டியலில் அப்படியே இருக்கும். பொது வரைபடத்தில் மட்டும் வராது.

பலர் கோட்டைவிடுவது பதிவோடு எழுதும் குறிப்பில்தான். “எனக்கு நன்றாகத் தெரியும்” என்பது சான்றே அல்ல. அலகு, இறக்கைப் பட்டை, குரல், தூரம், வெளிச்சம் ஆகியவற்றை எழுதுங்கள். முக்கியமாக, அது ஏன் அதே சாயலுள்ள இன்னோர் இனம் அல்ல என்று சொல்லுங்கள். மங்கலான படமானாலும் சேருங்கள். மறுக்கும் நிபுணரிடம், எந்த அடையாளம் பொருந்தவில்லை என்று தயங்காமல் கேட்கலாம்.