கிளட்ச் வழுக்கினால் கேபிளை முறுக்காதீர்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய ஆல்ட்டோ. ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று சத்தம் வந்ததால் தெருமுனை மெக்கானிக்கிடம் காட்டினேன், கிளட்ச் கேபிளை டைட் வைத்துக் கொடுத்தார். இப்போது மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை. கிளட்ச் பிளேட்டை மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: அவசரப்பட்டுச் செலவு செய்யாதீர்கள், முதலில் பெடலை அளந்து பாருங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து குனிந்து, கிளட்ச் பெடலைக் கையால் அழுத்துங்கள், காலுக்கு இந்த நுணுக்கம் தெரியாது. கொஞ்ச தூரம் லொடலொடவென்று சும்மா போய், அப்புறம்தான் கனம் தட்ட வேண்டும். அந்தச் சும்மா போகிற தூரம்தான் ஃப்ரீ பிளே. பக்கத்தில் ஒரு ஸ்கேலைப் பிடித்தால் தெரிந்துவிடும். கேபிள் கிளட்ச் வண்டிகளில் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டரை செ.மீ. வரை இருக்கும், உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டியில் அது சுத்தமாக இல்லாமல் போயிருக்கும் என்றே நினைக்கிறேன். கேபிளை முறுக்கிவிட்டால், நீங்கள் காலே வைக்காதபோதும் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்தால் கிளட்ச்சை விடுவிக்கும் பேரிங்), கிளட்ச் பிளேட்டை இறுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை அழுத்தி அதன் பிடியைத் தளர்த்திக்கொண்டே இருக்கும், கிளட்ச் பிளேட் இன்ஜினோடு சுற்றும் சக்கரமான ஃப்ளைவீலை முழுசாகப் பிடிக்காது, மேட்டில் வழுக்கும், வழுக்க வழுக்கச் சூடேறித் தேயும். பிளேட் தேய்ந்தாலும் இந்த வகைக் கிளட்ச்சில் ஃப்ரீ பிளே தானாகவே குறையும். ஆகவே வழுக்குகிறதே என்று மறுபடி முறுக்குவது நேர் எதிர் வைத்தியம்.

கியர்பாக்ஸ் பக்கம், கேபிள் முடிகிற இடத்தில் இருக்கும் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, பெடலை நாலைந்து தடவை மிதித்துவிட்டு, மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு சரியான பிறகு, காலியான சாலையில் நாலாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை நன்றாக அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் எகிறி வேகம் ஏறவில்லையென்றால் பிளேட் போய்விட்டது, மெக்கானிக் சொன்னது சரி. அப்படியானால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள், கியர்பாக்ஸை இரண்டு முறை இறக்கிக் கூலி கொடுக்க வேண்டாம்.

அந்த ரிவர்ஸ் சத்தத்துக்குக் கேபிள் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். பல கார்களில் ரிவர்ஸ் கியருக்கு மட்டும் சிங்க்ரோமெஷ் (கியர் பற்கள் உரசாமல் சேர வேகத்தைச் சமமாக்கும் அமைப்பு) கிடையாது. வண்டி முழுசாக நின்றதும் கிளட்ச்சை மிதித்து இரண்டு மூன்று வினாடி பொறுத்துப் போடுங்கள். அப்படியும் கரகரத்தால், ஃப்ரீ பிளே அளவுக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

கேள்வி: தினமும் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துதான் போகிறேன். கிளட்ச் பிளேட் எத்தனை கிலோமீட்டருக்கு வரும்?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: கிலோமீட்டர் கணக்கு சொல்ல முடியாதும்மா. பிளேட் தேய்வது வழுக்கும்போதுதான், அதாவது நீங்கள் ஹாஃப் கிளட்ச்சில், பெடலைப் பாதி மட்டும் மிதித்தபடி இருக்கும் நேரத்தில். டிரெய்லர் ஒரு அடி நகர்ந்தால் நீங்களும் ஒரு அடி நகராதீர்கள். இரண்டு மூன்று வண்டி நீளத்துக்கு இடம் விழுந்ததும், முதல் கியரில் கிளட்ச்சை முழுசாக விட்டு ஒரே மூச்சில் போங்கள். நடுவில் பைக்காரர்கள் புகுந்தால் புகட்டும். நின்றால் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், கால் தரையில். பெடல் மேல் காலைச் சும்மா வைத்திருந்தாலும் ரிலீஸ் பேரிங் சுற்றித் தேயும். மேட்டில் வண்டி பின்னால் போகாமல் கிளட்ச்சிலேயே பிடித்து நிறுத்தும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள், பிளேட்டைக் கருக்க அதைவிடக் குறுக்குவழி இல்லை.

கேள்வி: என் காரில் ஹைட்ராலிக் கிளட்ச். காலையில் பெடல் கீழேயே தங்கிவிடுகிறது, நாலு முறை பம்ப் பண்ணினால் சரியாகிறது. அட்ஜஸ்ட் செய்தால் போதுமா?
– வாசகர், காசிமேடு

பதில்: இது அட்ஜஸ்ட்மென்ட் சமாச்சாரமே இல்லை, ஹைட்ராலிக் கிளட்ச்சில் கேபிளுக்குப் பதில் ஆயில்தான் வேலை செய்கிறது. லைனில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது பெடல் பக்கம் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரோ கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரோ கசிகிறது. பெடலுக்கு மேலேயும் கியர்பாக்ஸ் பக்கமும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ஆயில் டப்பாதான். அதனால் அளவு இறங்கியிருந்தால், ஊற்றி நிரப்பிவிட்டு ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழையுங்கள். ஊற்றுவதும் மூடியில் எழுதியிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயிலாகவே இருக்கட்டும், இன்ஜின் ஆயில் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் அத்தனையும் ஊதிக் கெட்டுவிடும்.