சிறந்த ரன் எது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

(இயந்திரக் கற்றல் மாடலை ஓர் அமைப்பில் ஒருமுறை பயிற்றுவிப்பதையே இங்கே ரன் என்கிறோம்.)

கேள்வி: ரன்களின் முடிவுகளைப் பதிவு செய்யும் எம்எல்ஃப்ளோ கருவியில் வேலிடேஷன் லாஸை (பயிற்சியில் சேராத தரவில் மாடலின் பிழை அளவு, குறைந்தால் நல்லது) ஏறுவரிசையில் அடுக்கினேன். வரைபடத்தில் மிகக் கீழே இறங்கிய ரன், பட்டியலில் ஏழாவதாக வருகிறது. ஏன்?

பதில்: பட்டியல் வரிசைப்படுத்துவது கடைசி ஸ்டெப்பில் (பயிற்சிப் படியில்) பதிவான மதிப்பை வைத்துத்தான். பன்னிரண்டாவது எபோக்கில் (எபோக் என்பது பயிற்சித் தரவு முழுவதையும் ஒருமுறை கடப்பது) 0.31 வரை இறங்கிய லாஸ் நாற்பதாவது எபோக்கில் 0.47க்கு ஏறியிருந்தால், அந்த ரன் 0.47 என்றே மதிப்பிடப்படும். ஒவ்வொரு எபோக் முடிவிலும் அதுவரை கிடைத்த மிகக் குறைந்த லாஸைத் தனி மெட்ரிக்காக, அதாவது அளவீடாகப் பதிவு செய்து, அதை வைத்து வரிசைப்படுத்துங்கள். அந்த எபோக்கின் செக்பாயின்டையும் (அந்நிலையில் இருந்த மாடலின் நகல்) அப்போதே சேமித்துவிடுங்கள். மதிப்பு பன்னிரண்டாவது எபோக்குடையதாகவும் கையில் இருக்கும் மாடல் நாற்பதாவது எபோக்குடையதாகவும் இருந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த மாடல் உங்களிடம் இல்லை என்றே பொருள்.

கேள்வி: நல்ல அமைப்புகளைத் தானாகத் தேடும் ஆப்டியூனா கருவி சிறந்த ட்ரையல் (முயற்சி) என்று காட்டுவது, துல்லியம் மிகக் குறைந்த ட்ரையலாக இருக்கிறது.

பதில்: ஸ்டடியை, அதாவது முழுத் தேடலை உருவாக்கும்போது, மதிப்பைக் கூட்டுவதா குறைப்பதா என்ற திசையைக் குறிப்பிடாவிட்டால், மதிப்பைக் குறைப்பதே இலக்கு என்று அது எடுத்துக்கொள்ளும். பட்டியலைத் தலைகீழாகப் படித்துத் தப்பித்துவிட முடியாது. தேடலே துல்லியம் குறைந்த பக்கமாகத்தான் நகர்ந்திருக்கும். திசையைச் சரிசெய்து மீண்டும் ஓட்டுங்கள்.

கேள்வி: ஐம்பது ரன்களின் பட்டியலை இணைத்துள்ளேன். சிறந்ததைத் தேர்ந்து சொல்லவும்.

பதில்: எந்த மெட்ரிக், எந்தத் தரவுத் தொகுப்பு, ஏறுவரிசையா இறங்குவரிசையா என்று ஒரு வரிகூட எழுதாமல் இப்படிக் கேட்பவர்களுக்கு என்னால் பதில் சொல்ல இயலாது. முதல் ரன்னை ஓட்டுவதற்கு முன்பே இம்மூன்றையும் எழுதி வையுங்கள்.

கேள்வி: இருநூறு ரன்களுள் ஒன்று டெஸ்ட் தொகுப்பில் (இறுதிச் சோதனைக்கென ஒதுக்கிய தரவு) 91.2 சதவீதத் துல்லியம் பெற்றது, அடுத்தது 90.9. முதல் ரன்னையே சிறந்தது என்று அறிவிக்கலாமா? டெஸ்ட் தொகுப்பில் ஆயிரம் படங்கள் உள்ளன.

பதில்: கூடாது. ஆயிரம் படங்களில் 0.3 சதவீதம் என்பது மூன்று படங்கள். துல்லியம் 90 சதவீதத்தை ஒட்டியிருக்கும்போது, ஆயிரம் மாதிரிகளை வைத்துச் செய்யும் மதிப்பீட்டின் திட்டப்பிழையே (தற்செயலால் வரும் ஏற்றஇறக்கத்தின் அளவு) ஏறத்தாழ ஒரு சதவீதம். இரண்டு ரன்களையும் அதே படங்களில் சோதித்திருப்பதால் ஒப்பீடு சற்றுக் கூர்மையாகும் என்பது உண்மைதான். எனினும் எந்தெந்தப் படங்களில் ஒன்று தவறி மற்றொன்று சரியாகச் சொன்னது என்று எண்ணிப் பார்க்காமல் அந்த மூன்று படங்களை நம்ப முடியாது. அதே அமைப்பை வேறு சீட் (தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்) கொடுத்து ஓட்டினாலே இந்த அளவு வேறுபாடு பல நேரங்களில் வந்துவிடும். மேலும், இருநூறு எண்களுள் மிகப் பெரியதைப் பொறுக்கும்போது, நல்ல மாடலோடு நல்வாய்ப்பையும் சேர்த்தே பொறுக்குகிறோம். ரன்கள் கூடக்கூட உச்ச மதிப்பில் நல்வாய்ப்பின் பங்கும் கூடும்.

இதைவிட என்னை வருத்துவது, இந்தத் தேர்வு டெஸ்ட் தொகுப்பிலேயே நடந்திருப்பது. இருநூறு முறை பார்த்து முடிவெடுக்கப் பயன்பட்ட தொகுப்பு, பெயர் எதுவானாலும் தேர்வுக்குப் பயன்படும் வேலிடேஷன் தொகுப்பாகவே மாறிவிட்டது, அதன் 91.2 சதவீதத்தை யாரிடமும் இறுதி மதிப்பாகக் காட்டும் தகுதி இனி உங்களுக்கு இல்லை. வேலிடேஷன் தொகுப்பில் முதல் ஐந்து அமைப்புகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் நான்கைந்து சீட்களுடன் ஓட்டி, சராசரியையும் பரவலையும் பாருங்கள். சராசரிகள் ஒன்றோடொன்று நெருங்கி நின்றால், சிறியதும் வேகமாக ஓடுவதுமான மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு, இதுவரை யாரும் தொடாத தரவில் ஒரே ஒரு முறை சோதியுங்கள்.

கேள்வி: லேபிள் ஸ்மூத்திங் (சரியான விடைக்கு முழு மதிப்பும் தராமல், சிறிதளவைப் பிற விடைகளுக்கும் பகிரும் முறை) உள்ள ரன்னையும் இல்லாத ரன்னையும் லாஸை வைத்து ஒப்பிடலாமா?

பதில்: கூடாது, அவை இரு வேறு அளவைகள். இரண்டுக்கும் பொதுவான ஒரு மெட்ரிக்கை, ஓட்டுவதற்கு முன்பே எழுதி வையுங்கள்.

கேள்வி: சிறந்த ரன்னின் கிட் கமிட் எண் (நிரலின் சேமித்த பதிப்பைக் குறிக்கும் எண்) பதிவாகியுள்ளது. அதே கமிட்டை எடுத்து ஓட்டினாலும் பழைய முடிவு திரும்ப வரவில்லை.

பதில்: கமிட் செய்யாமல் விட்ட திருத்தங்களுடன் அந்த ரன்னை ஓட்டியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள், கமிட் எண்ணில் அத்திருத்தங்கள் இடம்பெறுவதில்லை. கமிட் செய்யாத கோப்புகள் இருந்தால் ரன் தொடங்காதபடி ஸ்கிரிப்டிலேயே தடை வையுங்கள்; சீடையும் தரவின் பதிப்பையும் அளவுருக்களாகப் பதிவு செய்யுங்கள். இவை அனைத்தும் சரியாக இருந்தும் மிகச் சிறிய வேறுபாடு எஞ்சினால், ஜிபியூவில் கூட்டல்கள் நடக்கும் வரிசை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுவதும் காரணமாக இருக்கலாம்.