ஆளுநரின் நன்றி யாருக்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒருவரை ஆளுநராக அறிவித்ததும் 'பெருமையுடன் ஏற்கிறேன்' என்று அவரிடமிருந்து அறிக்கை வருகிறது. அதோடு பதவி வந்துவிடுகிறதா? கட்சித் தலைவருக்கு நன்றி சொல்வது முறையா?

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

வந்துவிடாது. குடியரசுத் தலைவர் கையொப்பமும் முத்திரையும் இட்ட ஆணையால் நியமிக்கிறார் (அரசியல் சாசனத்தின் 155ஆம் பிரிவு). ஆனால் அறிவிப்பிலேயே 'பொறுப்பேற்கும் நாளிலிருந்து' என்று இருக்கும். சட்டப்படி ஏற்பு என்பது 159ஆம் பிரிவின் உறுதிமொழிதான். உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி முன்னால் எடுக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் இருப்பவர்களில் மூத்த நீதிபதி. தமிழிசை சௌந்தரராஜன் தெலங்கானாவுக்கு அறிவிக்கப்பட்டது 2019 செப்டம்பர் 1. பதவியேற்றது 8ஆம் தேதி. இடையில் பழைய ஆளுநரே ஆளுநர்.

அந்த இடைவெளியில் வேலை இருக்கிறது. ஆதாயம் தரும் வேறு பதவி எதுவும் கையில் இருக்கக்கூடாது. எம்.பி.யோ எம்.எல்.ஏ.வோ என்றால் பதவியேற்கும் நாளில் அந்த இடம் தானாகவே காலியாகிவிடும். கட்சி உறுப்பினர் பதவியைப் பற்றி அரசியல் சாசனம் வாய் திறக்கவில்லை, விலகுவது மரபு.

இனி நன்றி. உறுதிமொழியில் வருபவை மூன்று: பதவிக் கடமை, அரசியல் சாசனமும் சட்டமும், அந்த மாநில மக்களின் நலன். நியமித்தவர் பெயர் அதில் கிடையாது. ஆளுநர் மத்திய அரசின் ஊழியர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1979இல் ரகுகுல் திலக் வழக்கில் சொல்லிவிட்டது. மத்திய அரசின் கொள்கையோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக மட்டும் அவரை நீக்க முடியாது என்றது 2010இன் பி.பி. சிங்கால் தீர்ப்பு. ஆக, குடியரசுத் தலைவருக்கு ஒரு வரி, மாநில மக்களுக்கு ஒரு வரி போதும். கட்சித் தலைவருக்கு நேரில் சொல்லிக்கொள்ளலாம், யார் தடுத்தார்கள்? அறிக்கையில் எழுதினால், பின்னால் ஒரு மசோதா ஆளுநர் மாளிகையில் மாதக்கணக்கில் கிடக்கும்போது அந்த வரியைத்தான் தோண்டி எடுப்பார்கள்.

நன்றிப் பெருக்கு உறுதிமொழிக்குள் நுழைவதுதான் உண்மையான ஆபத்து. 'கடவுளின் பெயரால்', அல்லது 'உளமார உறுதி கூறுகிறேன்': இரண்டே வழிதான். கேரளத்தில் 2001இல் உமேஷ் சள்ளியில் என்ற எம்.எல்.ஏ. ஸ்ரீ நாராயண குருவின் பெயரால் எடுத்த உறுதிமொழி செல்லாது என்று உயர் நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. எனவே அச்சிட்ட தாளை அப்படியே வாசித்து, பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகு நன்றி சொல்லலாம்.