குண்டை எவ்வளவு ஆழத்தில் பொருத்துவது என்று கேட்பதற்கு முன், எங்கிருந்து அளக்கிறீர்கள்?

கேள்வி இதுதான்: "என் .308 வேட்டை ரைஃபிளுக்கு நானே தோட்டா நிரப்பத் தொடங்கியிருக்கிறேன். குண்டை உறைக்குள் எவ்வளவு ஆழத்தில் பொருத்தினால் சரியாக இருக்கும்? கையேட்டில் கொடுத்துள்ள மொத்த நீளத்தையே வைத்துக்கொண்டால் போதுமா?"

போதும், ஆனால் போதாது. மருந்தையும் கையேட்டின்படியே போட்டு, கையேட்டு நீளத்தில் பொருத்தினால் தோட்டா பொதுவாகப் பத்திரமாகச் சுடும். உங்கள் ரைஃபிளுக்கு அதுதான் பொருத்தமான ஆழம் என்பதற்கு மட்டும் எந்த உறுதியும் கிடையாது. இதற்கு முன் பதில் எழுதிய மூவரும் ஆளுக்கு ஓர் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். எண்ணைக் கொடுத்தவர்களில் ஒருவர்கூட அதை எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை அளந்தார் என்று சொல்லவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் சிங்கப்பூரின் ஜூரோங் தொழிற்பேட்டையில் துல்லிய உதிரிபாகங்களை அளந்து ஏற்பதும் தள்ளுவதுமாகவே சம்பளம் வாங்கியவன் என்பதால், அந்தக் குறை என்னைத் தூங்கவிடவில்லை.

நீங்கள் இதற்குச் சட்டம் இடம்கொடுக்கும் ஒரு நாட்டில் உரிமத்துடன் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். "சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு தோட்டாவைப் பற்றி நீர் என்ன பேசுவது" என்று யாராவது கேட்பார்கள் என்பதும் தெரியும். உண்மைதான், இங்கே இதை வீட்டில் செய்யும் பேச்சுக்கே இடமில்லை. நான் செய்ததும் இல்லை. தேசிய சேவையில் எம்-16 சுட்ட காலத்தில், சுட்டு முடித்ததும் வரிசையில் நின்று, என்னிடம் தோட்டாவோ வெற்று உறையோ இல்லை என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் லாரியில் ஏறுவோம். ஓர் உறை கணக்கில் குறைந்தால், லாலாங் புல்லுக்குள் மொத்தப் பிளட்டூனும் குனிந்து தேட வேண்டும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனுக்கு, ஒருவர் தன் வீட்டுக் கார் கொட்டகையில் உட்கார்ந்து தானே தோட்டா செய்வதைப் பார்ப்பது எவ்வளவு விசித்திரமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் பார்த்தது நியூசிலாந்தில், ஹாமில்டனுக்கு வெளியே, அக்காவின் வீட்டில். அத்தான் அங்கே குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. உரிமம் பெற்று மான் வேட்டைக்குப் போகிறவர். மான் அந்த மண்ணுக்குச் சொந்தமான விலங்கு அல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கொண்டுவந்து விட்டது, இயற்கை எதிரி இல்லாமல் பெருகிவிட்டது, அதனால் அங்கே மான் வேட்டையை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. இனி நான் எழுதுபவை எல்லாம் அவருடைய ரைஃபிளில், அவருடைய நேரடி மேற்பார்வையில் நடந்தவை.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம், ஏனென்றால் தமிழில் குண்டு, தோட்டா இரண்டையும் ஒன்றுபோலப் பேசிவிடுகிறோம். பறந்து போவது குண்டு. அதைப் பிடித்திருக்கும் பித்தளைக் குப்பி உறை. குண்டு, உறை, வெடிமருந்து, அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. .308 என்பது குண்டின் விட்டம், அங்குலத்தில். குழலின் உட்புறத்தில் திருகுபோல ஓடும் பள்ளங்களுக்கு இடையே உள்ள மேடுகளை ஆங்கிலத்தில் 'லேண்ட்ஸ்' என்பார்கள். நான் வரிமேடு என்று எழுதுகிறேன். குண்டு உறையை விட்டுக் கிளம்பி, வரிமேட்டைத் தொடும் வரை தாண்டும் வெற்று இடைவெளிதான் 'ஜம்ப்'; நான் தாண்டல் என்று எழுதுகிறேன். நீங்கள் ஆழம் என்று கேட்பது உண்மையில் இந்த இடைவெளியைத்தான்.

ஜூன் மாதக் குளிரில், ஒரு காலை நேரத்தில், அத்தான் செய்து வைத்திருந்த பத்துத் தோட்டாக்களை நான் பொழுதுபோகாமல் வெர்னியர் கேலிப்பரில் அளந்தேன். 168 கிரெய்ன் (ஏறத்தாழ 11 கிராம்) எடையுள்ள, முனையில் சிறு துளை உள்ள போட்டிக் குண்டுகள். மொத்த நீளம் 2.800 அங்குலம், அதாவது 71.12 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது அவருடைய குறி. பத்தில் இரண்டுகூட ஒத்துப்போகவில்லை. மிக நீளமானதற்கும் மிகக் குட்டையானதற்கும் 15 தௌ வித்தியாசம். தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 15 தௌ ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர். "என்ன மச்சான், இங்கேயும் இன்ஸ்பெக்‌ஷன் ஆரம்பிச்சாச்சா?" என்று சிரித்தவர், எண்களைப் பார்த்ததும் முகம் மாறி, குண்டை உறைக்குள் பொருத்தும் அச்சு, அதாவது டை, தேய்ந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

டையின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதைக் கழற்றிப் பார்த்தால் யாருக்கும் புரியும்: குண்டைக் கீழே தள்ளும் தண்டின் வாய் கிண்ணம்போலக் குழிந்திருக்கிறது, குண்டின் கூர்முனை அந்தக் குழிக்குள் எதையும் தொடாமல் நிற்கிறது, தண்டு குண்டைத் தொடுவது அதன் வளைந்த தோள்பட்டையில் மட்டுமே. அந்த வளைவைத்தான் 'ஓஜைவ்' என்கிறார்கள். இப்போது முனையைப் பாருங்கள். இவ்வகைக் குண்டின் செப்பு உறையை அடியிலிருந்து இழுத்து முனையில் குவித்து மூடுகிறார்கள்; ஆகவே அந்த வாய் கிழிந்த காகித விளிம்புபோல ஒவ்வொரு குண்டிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். டை எல்லாக் குண்டுகளையும் தோள் வரை ஒரே ஆழத்துக்குத்தான் இறக்கியிருக்கிறது. நாங்கள் முனையை அளந்து, முனையின் கோணலை ஆழத்தின் கோணல் என்று எண்ணிவிட்டோம். கேலிப்பரின் தாடையில் மாட்டும் 'கம்பேரட்டர்' என்ற சிறு துண்டு, குறித்த விட்டமுள்ள துளையால் அந்தத் தோளைப் பிடிக்கும். அதை மாட்டி உறையின் அடியிலிருந்து தோள் வரை அளந்தபோது, அதே பத்துத் தோட்டாக்களின் வித்தியாசம் 2 தௌவுக்குள் அடங்கிவிட்டது.

இங்கே என் சொந்தக் கடுப்பு ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. பெயர் வேண்டாம், நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் இருநூறு புஷ்களை (தண்டைச் சுற்றிப் பொருத்தும் உருளை வளையங்களை) நீளம் தவறு என்று தள்ளி, பழியை என் தலையில் போட்டார்கள். வரைபடத்தில் நீளம் தோளிலிருந்து குறிக்கப்பட்டிருந்தது. வாங்கிய இடத்தில் அளந்தவரோ சரிவு வெட்டிய முனையிலிருந்து அளந்திருக்கிறார். மூன்று வாரம் கழித்துத்தான் உண்மை தெரிந்தது, அதற்குப் பிறகும் எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் ஆழம் பற்றி யாராவது வெறும் எண்ணைச் சொன்னால் எனக்குச் சட்டென்று கோபம் வருகிறது. கம்பேரட்டர் எண்ணுக்கும் இது பொருந்தும்: துளையின் விட்டம் சற்று மாறினாலும் அது தோளைத் தொடும் இடம் மாறும், எண்ணும் மாறும். உங்கள் எண் உங்கள் கருவிக்கு மட்டுமே சொந்தம்.

அடுத்து, உங்கள் குழலில் வரிமேடு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்கென்றே திருகு வெட்டிய உறையும் நீண்ட தண்டும் கொண்ட கருவி கடையில் கிடைக்கிறது. அத்தானிடம் அது இல்லை. நாங்கள் செய்தது பழைய வழி. மருந்தும் பிரைமரும் இல்லாத வெற்று உறையின் கழுத்தில் மெல்லிய ரம்பத்தால் நீளவாக்கில் இரண்டு கீறல் வெட்டி, பிசிறை நீக்கி, ஒரு குண்டை அரைகுறையாகச் செருகி, ரைஃபிளுக்குள் வைத்து, குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டை மெதுவாக மூடினால், வரிமேடு குண்டைத் தேவையான அளவு உள்ளே தள்ளிவிடும். மெதுவாக வெளியே எடுத்து அளக்க வேண்டும்.

மெதுவாக என்ற சொல்லை நான் முதல்முறை மதிக்கவில்லை. போல்ட்டைச் சற்று அழுத்தி மூடித் திறந்தபோது உறை மட்டும் கையோடு வந்தது. குண்டு வரிமேட்டில் கவ்விக்கொண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது. வாய்ப் பக்கத்திலிருந்து துடைக்கும் தண்டைவிட்டுத் தட்டி எடுத்தோம். வெற்று உறை என்பதால் அது வெறும் அசடு. மருந்து நிரப்பிய தோட்டாவாக இருந்திருந்தால், சுடாமல் திரும்ப எடுக்கும் நேரத்தில் குண்டு உள்ளே தங்கி, மருந்து முழுவதும் ரைஃபிளின் இயந்திரப் பகுதிக்குள் கொட்டியிருக்கும். குண்டை வரிமேட்டில் முட்டும்படி பொருத்தினால்தான் குறி தப்பாது என்று சொல்கிறவர்கள், காட்டில் நடந்து, துப்பாக்கியை இறக்கி, தோட்டாவை வெளியே எடுத்து வீடு திரும்ப வேண்டியவருக்கு அதைச் சொல்லக் கூடாது.

பத்து முறை அளந்தோம். மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோது அடியிலிருந்து தோள் வரை 2.236 அங்குலம் வந்தது. அந்த இடத்தில் மொத்த நீளம் 2.870 வாக்கில் நின்றது. .308 வின்செஸ்டருக்கு அமெரிக்கத் தொழில் தரம் சொல்லும் அதிகபட்ச நீளம் 2.810, அத்தானின் ரைஃபிளில் தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசினும் அதற்கு மேல் சிறிதளவே கொள்ளும். ஆக, வரிமேட்டை நெருங்க வேண்டுமானால் தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால்தான் போட வேண்டும். அவர் இத்தனை நாள் சுட்டுக்கொண்டிருந்தது ஏறத்தாழ 70 தௌ தாண்டலில். (காலையில் குளிராக இருந்ததே, பித்தளை சுருங்கியிருக்குமே என்று நான் கணக்கும் போட்டேன். பத்து டிகிரிக்கு அரைத் தௌ வருகிறது, கேலிப்பரின் எஃகும் கூடவே சுருங்குவதால் அதிலும் பாதிக்கு மேல் கழிந்துவிடும். அக்கா இதைக் கேட்டுவிட்டுக் காப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.)

சுட்டுப் பார்க்கும் முன் ஓர் எச்சரிக்கை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். .308இன் அழுத்த எல்லை சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. குண்டு வரிமேட்டில் முட்டி நின்றால், அசையத் தொடங்கும் முன்பே அழுத்தம் ஏறிவிடும். மறுபுறம், மிக ஆழமாக இறக்கினால் மருந்துக்கு உள்ள இடம் குறைந்து அந்த வழியிலும் ஏறலாம். சிறிய கைத்துப்பாக்கி உறைகளில் இது இன்னும் கடுமை. ஆகவே மருந்தின் எடையை அச்சான கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள், அதன் தொடக்க அளவிலிருந்து தொடங்குங்கள், உச்ச அளவில் நின்றுகொண்டு ஆழத்தை மாற்றிப் பார்க்காதீர்கள். என் பதிலில் மருந்தின் எடை எங்கும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது வேண்டுமென்றே விட்டது.

நாங்கள் 20, 50, 80, 110 தௌ தாண்டல் என்று நான்கு ஆழங்கள் எடுத்தோம். ஒன்றிரண்டு தௌவாக நகர்த்தித் தேடுவதைவிட இப்படி அகலமாகத் தாவிப் பார்ப்பது நல்லது. பெர்கர் என்ற குண்டு நிறுவனமும் தன் நீள்முனைக் குண்டுகளுக்கு 40 தௌ இடைவெளியில் நான்கு ஆழங்களைச் சோதிக்கச் சொல்கிறது. 100 மீட்டரில், 50 தௌவில் முதல் மூன்று குண்டுகள் 14 மில்லிமீட்டருக்குள் விழுந்தன. அத்தான் கைதட்டிவிட்டார், இதுதான் என்று அட்டையில் வட்டம் போட்டுத் தேதியும் எழுதினார். மாலையில் அதே ஆழத்தில் இன்னொரு மூன்று சுடச் சொன்னேன், 31 மில்லிமீட்டர். அவர் காற்றைக் குறை சொன்னார். தொழிற்சாலையில் மூன்று துண்டை அளந்து ஒரு தொகுதியை ஏற்றுக்கொண்டால் என்னை வேலையைவிட்டு அனுப்பியிருப்பார்கள். மூன்று குண்டுக் கூட்டத்தின் அகலம் தற்செயலாலேயே அவ்வளவு ஆடும். ஒவ்வோர் ஆழத்துக்கும் பத்துப் பத்தாகச் சுட்டு முடித்தபோது, 110 சற்று விரிந்தது, மற்ற மூன்றுக்கும் இடையே எங்களால் வித்தியாசம் காட்ட முடியவில்லை. இந்தக் குண்டின் தோள் மென்மையாக வளைந்தது, தாண்டலைப் பொறுத்துக்கொள்ளும். தோள் கோணமாக ஒடிந்த நீள்முனைக் குண்டாக இருந்தால் கதை வேறு மாதிரி இருந்திருக்கலாம்.

அதனால் மேகசினில் எளிதாக ஏறும் நீளத்தையே, அதாவது அவர் முதலிலிருந்தே வைத்திருந்த இடத்தையே வைத்துக்கொண்டார். நான்கு நாள் உழைத்தும் பழைய இடத்துக்கே திரும்பியதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். எனக்கு இல்லை, முன்பு அது கையேட்டின் எண், இப்போது அவருடைய ரைஃபிளில் அளந்த எண். உங்கள் கேள்விக்கும் என் பதில் அவ்வளவுதான்: வரிமேட்டைக் கண்டுபிடியுங்கள், தோளிலிருந்து அளந்து குறித்துவையுங்கள், மேகசின் இடம்கொடுக்கும் நீளத்தில் தொடங்குங்கள், பத்துக் குண்டு சுடாமல் எந்த ஆழத்தையும் புகழவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம்.

குறித்துவைக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சூடான வாயுவால் வரிமேட்டின் தொடக்கம் சுடச்சுட அரித்து முன்னோக்கி நகரும். பழைய எண் பழைய குழலுக்கானது. நான் கிளம்பும்போது, அந்தக் கழுத்துக் கீறிய வெற்று உறையையும் குண்டையும் நினைவாக எடுத்துப்போகச் சொன்னார் அத்தான். சாங்கி விமான நிலையத்தில் அதை எடுத்துக் காட்டி விளக்கம் சொல்லும் தைரியம் எனக்கில்லை என்று அவருடைய அலமாரியிலேயே வைத்துவிட்டு, சட்டைப் பையையும் கால்சட்டைப் பையையும் இரண்டு முறை தடவிப் பார்த்துக்கொண்டுதான் காரில் ஏறினேன். போன மாதம் அதே உறையின் படத்தை அனுப்பியிருந்தார்: பித்தளையின் மேல் கறுப்பு மார்க்கரில் என் கையெழுத்தில் 2.236, அதற்குக் கீழே அவர் கையெழுத்தில் 2.242. எந்தக் கம்பேரட்டர் துளையால் அளந்தீர்கள் அத்தான் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.