தாமஸ் ஜெபர்சன் பள்ளி நுழைவுத்தேர்வை நீக்கியது நியாயமா?

பாதி நியாயம் என்பேன். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள இந்த அரசு அறிவியல் உயர்நிலைப் பள்ளியில் 2020இல் நுழைவுத்தேர்வும் 100 டாலர் விண்ணப்பக் கட்டணமும் நீக்கப்பட்டன. ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 சதவீத இடம் உறுதியானது. மதிப்பெண்ணோடு வறுமையும் கணக்கில் வந்தது. மதிப்பிடுபவருக்கு மாணவரின் பெயரோ இனமோ தெரியாது.

ஆனாலும் சேர்க்கை பெற்றவர்களில் ஆசிய வம்சாவளியினரின் பங்கு 73இலிருந்து 54 சதவீதமாகச் சரிந்தது. பெற்றோர் தொடுத்த வழக்கு 2022இல் வென்று, 2023இல் மேல்முறையீட்டில் தோற்றது. 2024இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்துவிட்டது.

பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைக்கு இந்த ஒதுக்கீடு அவசியம். ஆனால் தேர்வையே ஒழித்தது தவறு; கெட்டிக்காரர்கள் குவிந்த நடுநிலைப் பள்ளியில் படிக்கும் ஏழைக் குழந்தைக்குத் தன் திறமையைக் காட்ட அதுவும் ஒரு வழியாக இருந்தது.