வளைவில் கரகரக்கும் கார்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

திரும்பும்போது மட்டும் சத்தம் போடும் வாகனங்களைப் பற்றித்தான் இந்த முறை அதிகம் கேட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பில் பல வருடமாகக் கராஜ் வேலை செய்கிறேன். சாமான் வாங்க ஓடுவதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். சத்தம் எந்தச் சில்லுப் பக்கம், எந்த வேகத்தில், ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்கும்போது வருகிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

காத்தான்குடியிலிருந்து: காக்கா, 60இல் போகும்போது ஊங் என்று இரைகிறது. வலப்பக்க வளைவில் அது கரகரவென்று கூடுகிறது, இடப்பக்கம் திரும்பினால் அடங்குகிறது. டயரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?

தம்பி, அவசரப்படாதீர்கள். வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடப்பக்கச் சில்லுகளில் விழும். பாரம் ஏறும்போது சத்தம் கூடுகிறது என்றால், முதல் சந்தேகம் இடப்பக்கச் சில்லைச் சுழலவிடும் குண்டு வளையத்தில், அதாவது வீல் பெயாரிங்கில்தான். தேய்ந்த டயரும் இரையும். ஆனால் டயரின் சத்தம் றோட்டுக்கு றோட்டு மாறும், வளைவுக்கு வளைவு இந்த அளவு மாறாது.

வீட்டிலேயே பார்க்கலாம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின்சில்லுகளுக்குக் கல் அண்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு முன்சில்லைத் தூக்குங்கள். நம்முடைய கடற்கரைப் பக்கம் நிலம் மணல். ஜாக்குக்குக் கீழே தடித்த பலகை வைக்காமல் தூக்கவே கூடாது, தூக்கிய வண்டிக்குக் கீழே உடம்பைக் கொடுக்கவும் கூடாது. பிறகு ஒரு கையால் சுருள் ஸ்பிரிங்கைத் தொட்டுக்கொண்டு மறு கையால் சில்லைச் சுற்றுங்கள். நல்ல பெயாரிங் என்றால் கைக்கு ஒன்றும் தெரியாது. கெட்டது என்றால், சுளகில் அரிசியைத் தேய்ப்பது போல ஒரு நறநறப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். காதுக்குக் கேட்பதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டியும் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பெயாரிங்கோ கீழே உள்ள ‘போல் ஜொயின்ட்’ என்ற குண்டு மூட்டோ போயிருக்கிறது.

பெயாரிங்தான் என்றால் தள்ளிப்போடாதீர்கள். சூடேறி, ஆட்டம் கூடி, கடைசியில் சில்லே நிற்காது. மாற்றும்போது பெயாரிங்கை அழுத்தி ஏற்றும் பிரெஸ் மெஷின் உள்ள இடமாகப் பாருங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றினால் புதுப் பெயாரிங் அன்றைக்கே காயப்பட்டுவிடும். அது கொஞ்ச நாளில் திரும்பவும் இரையும்போது சாமான் கூடாது என்று கடைக்காரரைப் பேசுவோம்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: அண்ணா, கேற்றுக்குள் திருப்பும்போது டிக் டிக் என்று அடிக்கிறது. நேராகப் போனால் ஒன்றுமில்லை.

தங்கச்சி, அது சீவி ஜொயின்ட், எஞ்சினின் இழுவையைத் திரும்பும் சில்லுக்குக் கொண்டுபோகும் மூட்டு. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துவிட்டு, முன்சில்லுக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். அது கிழிந்து, ரிம்மின் உட்பக்கம் கறுப்புக் கிறீஸ் தெறித்திருந்தால் வேறு சாட்சி வேண்டாம். மாரி காலத்தில் படுவான்கரைப் பக்கம் சேற்றில் ஓடிய வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். கிழிசலுக்குள் தண்ணீரும் மணலும் போனால் உள்ளே இருக்கும் குண்டுகள் அரைபட்டுவிடும். உறை கிழிந்ததை உடனே கண்டால் உறையும் கிறீஸும் மாற்றினால் போதும். சத்தம் வந்தபிறகு கிறீஸ் அடைப்பது வீண் செலவு, ஜொயின்டையே மாற்றுங்கள்.

கல்முனையிலிருந்து: கிரவல் றோட்டால் வந்த பிறகு திடீரென்று தகரம் உரசும் சத்தம். முன்சில்லுகளைச் சுழற்றும் இரண்டு ஷாஃப்டும் மாற்ற வேண்டும் என்கிறார்களே?

வேண்டாம், பொறுங்கள். பிரேக் டிஸ்குக்குப் பின்னால் மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. அதற்குள் சிறு கல் மாட்டினால் ஊரையே கூட்டும். மெதுவாகப் பின்னால் எடுத்து, இருபக்கமும் ஒடித்துப் பாருங்கள், பல தடவை தானாக விழுந்துவிடும். விழாவிட்டால் சில்லைக் கழற்றி எடுக்கலாம். உப்புக் காற்றில் துருப்பிடித்து அந்தத் தகடு வளைந்திருந்தாலும் இதே சத்தம்தான். ஆறவிட்டு, ஸ்குரூ டிரைவரால் கொஞ்சம் நெம்பிவிட்டால் சரி. இதே சத்தத்தோடு வேறிடத்தில் இரண்டு ஷாஃப்டையும் மாற்றிவிட்டு, சத்தம் போகாமல் என்னிடம் வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. கடலைப் பருப்பளவு கல். அதைக் கையில் எடுத்துக் கொடுத்தபோது அந்தத் தகப்பனின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அம்பாறையிலிருந்து: டபுள் கப் வண்டி. வயலிலிருந்து தார் றோட்டுக்கு ஏறித் திரும்பினால் இழுத்து இழுத்துக் கடகடக்கிறது.

நான்கு சில்லு இழுவையை எடுக்க மறந்திருப்பீர்கள். வளைவில் முன்சில்லும் பின்சில்லும் ஒரே தூரம் ஓடுவதில்லை. சேற்றில் டயர் வழுக்கிச் சமாளிக்கும், காய்ந்த தாரில் முடியாது. பின்சில்லு இழுவைக்கு மாற்றிவிட்டு ஓட்டுங்கள். அப்புறமும் சத்தம் இருந்தால் கொண்டுவந்து காட்டுங்கள்.

ஏறாவூரிலிருந்து: நிற்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்பினால் டொங் என்கிறது.

ஷொக் அப்சோபரின் மேல்முனையை வண்டியின் பொடியோடு பிடித்திருக்கும் மவுண்டாக இருக்கும். ஒருவர் திருப்ப, மற்றவர் ஸ்பிரிங்கில் உள்ளங்கையை இலேசாக வைத்துப் பார்க்கட்டும், வளையங்களுக்கு இடையே விரலை விடாமல். ஸ்பிரிங் முறுகி, பிறகு துள்ளினால் அதுதான்.

பொத்துவிலிலிருந்து: திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் இரும்பு அரைகிறது. வெள்ளிக்கிழமை பிள்ளைகளோடு கண்டிக்குப் போக இருக்கிறோம். போய்வந்த பிறகு பார்க்கலாமா?

முதலில் பாருங்கள், பிறகு போங்கள். டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பாட் முழுதாகத் தேய்ந்து, அதன் இரும்பு டிஸ்கில் உரசுகிறது போலத் தெரிகிறது. பாட்டின் தடிப்பு 3 மில்லிமீட்டருக்கு வந்தாலே மாற்ற வேண்டும், உங்களுடையது அதையும் தாண்டியிருக்கும். டிஸ்கில் நகம் சிக்கும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் அதையும் பார்க்க வேண்டும். மஹியங்கனைக்கு அங்கால் 18 வளைவுப் பாதை இருக்கிறது, திரும்பி வரும்போது அது முழுக்க இறக்கம். வியாழக்கிழமைக்குள் வேலை முடியாவிட்டால் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிப் போங்கள்.