கன்சோலை ஜெயிக்க வைப்பது சிப்பா, கேமா? மலைவாசிகளின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (குன்னூர்): சார், டிவியில் மாட்டி கேம் ஆடும் பெட்டிதானே கன்சோல். அதில் வேகமானதுதானே விற்கும்? கேம் பட்டியலை ஏன் பார்க்கணும்?

பதில்: 1996ல் வந்த நின்டெண்டோ 64, சோனியின் முதல் பிளேஸ்டேஷனைவிடப் புதிய, வலுவான மெஷின். ஆனால் அதன் கார்ட்ரிட்ஜில் (கேம் பதிந்த, மெஷினில் செருகும் சிறு பெட்டி) அதிகபட்சம் 64 எம்பிதான் கொள்ளும், தயாரிக்கவும் செலவு அதிகம். சிடியில் 650 எம்பி கொள்ளும், அடிப்பதும் மலிவு. அதனால் சின்ன கம்பெனிகளும் துணிந்து புது ரக கேம்களை பிளேஸ்டேஷனில் இறக்கின. 3 சிடி பிடித்த 'ஃபைனல் ஃபேன்டஸி 7'ம் 1997ல் அங்கேதான் வந்தது. பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல் விற்றது. நின்டெண்டோ 64 சுமார் 3.3 கோடி.

கேள்வி (கோத்தகிரி): அப்போ நிறைய கேம் இருந்தா போதுமா அண்ணா?

பதில்: எண்ணிக்கை வேறு, ரகம் வேறு தம்பி. அட்டாரி 2600 என்ற பழைய கன்சோலுக்கு ஒன்றைப் பார்த்து ஒன்றாக மட்டமான கேம்கள் குவிந்து, கடைகளில் தேங்கின. 1983ல் அமெரிக்கச் சந்தை சரிந்ததற்கு அது பெரிய காரணம்.

ஒரே ஒரு நல்ல கேமும் போதாது. 'மாரியோ கார்ட் 8' 2014ல் நின்டெண்டோவின் வீ யூ கன்சோலுக்கு வந்தது. விற்பனை 85 லட்சம்கூடத் தொடவில்லை. அதே கேம் 2017ல் 'டீலக்ஸ்' என்று நின்டெண்டோவின் அடுத்த கன்சோலான ஸ்விட்ச்சுக்கு வந்து 6 கோடியைத் தாண்டியது. வீ யூ விற்பனை குறைந்ததால் வெளிக் கம்பெனிகள் ஒதுங்கின. கேம் வராததால் வாங்குபவர்கள் இன்னும் குறைந்தார்கள். இந்தச் சுழலில் சிக்கிய கன்சோல் மீள்வது மிகவும் கஷ்டம்.

கேள்வி (கொடைக்கானல்): ஹோம்ஸ்டேயில் ஒரு கன்சோல் வைக்கப் போறோம். என்ன கேம் வாங்கலாம்?

பதில்: மழையில் அறைக்குள் அடைபடும் குடும்பத்தில் தாத்தா முதல் பேரன் வரை இருப்பார்கள் அம்மா. ஒரு கார் ரேஸ், ஒரு ஃபுட்பால், 'ஓவர்குக்ட்' மாதிரி 4 பேர் சேர்ந்து ஆடுவது ஒன்று, சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்று. இந்த நான்கும் இருந்தால் துப்பாக்கிச் சண்டை கேம் பத்து வாங்க வேண்டியதில்லை. அட்டையில் போட்டிருக்கும் ஆட்டக்காரர் எண்ணிக்கை ஒரே டிவிக்கா, இன்டர்நெட்டுக்கா என்று பார்த்து வாங்குங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். கூடுதல் கன்ட்ரோலருக்கும் பணம் ஒதுக்குங்கள். பெட்டியில் பெரும்பாலும் ஒன்றுதான் வரும்.

கேள்வி (கூடலூர்): டிஸ்க் போட முடியாத மாடல் மலிவா இருக்கே?

பதில்: 100 ஜிபி கேம் 20 எம்பிபிஎஸ் வேக இன்டர்நெட் லைனில் இறங்க 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வந்தால் இரண்டு நாள்கூட இழுக்கும். டிஸ்க்கும் மெமரியில் இடம் பிடிக்கும்தான். ஆனால் டவுன்லோடு வெகுவாகக் குறையும், நண்பரோடு மாற்றிக்கொள்ளலாம். டிஸ்க் மாடல் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) வாங்கினால் பெரும்பாலான பிஎஸ்4 டிஸ்க்குகளும் ஓடும், பிஎஸ்3 டிஸ்க் ஓடாது.